காற்றே சுக்கானி

கடலில் தனியாகப் பயணம் செய்யும் ஒருவனுக்கு இன்றியமையாதது யாது என்று கேட்டால், உணவு என்பீர்கள், குடிநீர் என்பீர்கள், நெஞ்சுரம் என்றும் சிலர் சொல்லக்கூடும். இவை மூன்றும் குறைவறப் பெற்றிருந்தும் அவன் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தோற்றுப் போவதற்குப் போதிய காரணம் ஒன்று உண்டு. உறக்கம்தான் அது.

பாய் விரித்துச் செல்லும் படகு சைக்கிளைப் போன்றது. பிடியை விட்டால் நேராகப் போகாது. சுக்கானை விட்ட சிறிது நேரத்தில் பெரும்பாலான படகுகள் காற்றை நோக்கித் திரும்பிவிடும், பாய்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு நின்றுவிடும். ஆகவே யாரேனும் ஒருவர் இரவும் பகலும் சுக்கானைப் பிடித்தவண்ணம் இருக்கவேண்டும். இருவர் சென்றாலும் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். சமையல், பாய் மாற்றுதல், வரைபடம் பார்த்தல், படகில் சேரும் தண்ணீரை இறைத்தல் ஆகிய வேலைகளெல்லாம் எஞ்சிய பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அடங்கவேண்டும். ஒருவரே சென்றால் கணக்கே இல்லை.

சுக்கான் பிடிப்பவரைச் சுக்கானி என்பர். உண்ணாமல், உறங்காமல், மின்சாரத்தில் ஒரு துளியும் செலவழிக்காமல், காற்றின் வலிமையையும் நீரின் வலிமையையும் மட்டும் கொண்டு சுக்கானைப் பிடிக்கும் ஒரு கருவியைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன். நான் கப்பல் துறைப் பொறியியல் பயில்வதற்காக இங்கிலாந்து சென்றிருந்தபோது, 1987-ஆம் ஆண்டுக் கோடையில், அங்கே என்னுடன் பணிபுரிந்த நண்பர் ஒருவரின் பாய்ப்படகில் அத்தகைய கருவியைப் பொருத்துவதற்கு உதவினேன். பொருத்தியதோடு நில்லாமல், அதை நம்பிக் கடலிலும் சென்றேன். அந்த நம்பிக்கை ஓர் இரவில் அளவு கடந்துவிட்டது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இக்கருவி தோன்றுவதற்கு முன்னரே தானாகச் சென்ற படகுகள் உண்டு. ஜோஷுவா ஸ்லோக்கம் என்ற மாலுமி, 1895 முதல் 1898 வரை, ‘ஸ்பிரே’ என்னும் படகில் உலகைத் தனியாகச் சுற்றிவந்த முதல் மனிதர். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள வியாழத் தீவிலிருந்து இந்துமாக் கடலிலுள்ள கோக்கோஸ் தீவுகள் வரை 2,700 மைல்களை அவர் 23 நாட்களில் கடந்தார். அந்த 23 நாட்களிலும் அவர் சுக்கானைக் கையால் பிடித்தது மூன்று மணி நேரம்கூட இல்லையாம். சக்கரத்தைக் கயிற்றால் கட்டிவிட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். ஸ்பிரேயின் நீண்ட அடிமரமும், பாய்கள் அமைந்திருந்த விதமும் ஒன்றையொன்று சரிக்கட்டின. அத்தகைய படகு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. விரைவாகச் செல்லும்படி வடிக்கப்பட்ட பிற்காலப் படகுகள் பெரும்பாலும் அத்தனை சாதுவானவை அல்ல.

ஏரிகளிலும் குளங்களிலும் பொம்மைப் பாய்ப்படகு விட்டவர்களே இந்தக் கருவிக்கு முன்னோடிகள் என்றால் வியப்பாக இருக்கும். கரையில் நிற்பவன் பொம்மைப் படகின் சுக்கானைப் பிடிக்க முடியாதன்றோ? எனவே அவர்கள் படகின் பின்புறத்தில் சிறு தகடு ஒன்றை நிறுத்தி, காற்று அதனைத் திருப்புவதைக் கொண்டு சுக்கானைத் திருப்பினார்கள். 1936-இல் மரேன்-மாரி என்னும் பிரெஞ்சு ஓவியர் விசைப்படகொன்றில் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தபோது இத்தகைய தகடு ஒன்றைப் பயன்படுத்தினார். ஆயினும், பலரும் இதனைத் திரும்பிப் பார்க்கச் செய்தது 1960-ஆம் ஆண்டில் நடந்த போட்டியே. இங்கிலாந்திலுள்ள பிளிமத்திலிருந்து நியூயார்க் வரை, படகுக்கு ஒருவராக, ஐந்து பேர் புறப்பட்டனர். பிரான்சிஸ் சிச்செஸ்டர் 40 நாட்களில் முதலாவதாக வந்தார். போட்டிக்கு வித்திட்ட ஹாஸ்லர் 48 நாட்களில் இரண்டாவதாக வந்தார். அவருடைய படகு 25 அடி நீளமே உடையது. சிச்செஸ்டர் தம் கருவிக்கு ‘மிராண்டா’ என்று பெயரிட்டு, உடன் வரும் ஆளைப் போலவே அதனோடு சண்டையிட்டுக்கொண்டே சென்றார்.

மாதா கோயில் உச்சியில் சேவல் வடிவான காற்றுகாட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதனைப் படகின் பின்புறத்தில் நிறுத்திச் சுக்கானோடு நேரே இணைத்துவிட்டால் போதாதா என்று தோன்றும். மிராண்டா ஏறக்குறைய அப்படிப்பட்டதே. சுக்கானைத் திருப்பும் வலிமை காற்றுக்கு வரவேண்டுமானால் தகடு மிகப் பெரிதாக இருக்கவேண்டும். ஆதலால் அது தகடாக இல்லாமல் ஒரு சிறு பாயாகவே இருந்தது. புயலில் அத்தனை பெரிய பாயைப் படகின் பின்புறத்தில் நிறுத்தி வைத்திருப்பது எவ்வளவு தொல்லை என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஹாஸ்லர் வேறு வழியில் சிந்தித்தார். இவர் இரண்டாம் உலகப் போரில், 1942-ஆம் ஆண்டு டிசம்பரில், சிறு தோணிகளில் சென்று போர்டோ துறைமுகத்திலிருந்த பகைவர் கப்பல்களுக்கு வெடி வைத்த படைப்பிரிவின் தலைவர். குறைந்த பொருளைக் கொண்டு பெரிய காரியத்தைச் செய்யும் பழக்கம் அவரிடம் ஊறியிருந்தது. காற்றின் கையில் வலிமை இல்லை. ஆனால் படகின் கீழே ஓடும் நீரிடம் ஏராளமாக இருக்கிறது. காற்று கட்டளையிடட்டும், நீர் வேலை செய்யட்டும் என்பதே அவருடைய வழி.

மாணவர்கள் இதை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். ஏரியில் படகில் போகும்போது ஒரு மர ஸ்கேலை நீருக்குள் செங்குத்தாக விடுங்கள். அதன் விளிம்பு படகு செல்லும் திசையை நோக்கியிருக்கும்வரை அது கையில் சும்மா நிற்கும். விரலால் இலேசாகத் திருகுங்கள். உடனே யாரோ பிடித்து இழுத்ததுபோல அது பக்கவாட்டில் பாயும். திருகுவதற்கு வேண்டிய விசை சிறிது. பாயும் விசையோ பெரிது. (ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டினாலும் இதனை உணரலாம். ஆனால் கண்டக்டர் கண்டிப்பார். அவர் கண்டிப்பதே சரி.) நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி உடையது. படகின் வேகம் இரு மடங்கானால் இந்தப் பக்கவாட்டு விசை நான்கு மடங்காகும். காற்று வலுக்கும்போதுதான் சுக்கானைத் திருப்புவது கடினம். அப்போதுதான் படகும் விரைவாகச் செல்கிறது. அப்போதுதான் இந்த விசையும் மிகுகிறது. தேவை வளர வளர உதவியும் வளர்கின்ற இத்தகைய ஏற்பாடு பொறியியலில் எளிதாகக் கிடைப்பதன்று.

இப்பொழுது கருவியின் அமைப்பைச் சொல்கிறேன். படகின் பின்சுவருக்கு வெளியே, ஊசலைப் போல இருபுறமும் ஆடக்கூடிய துடுப்பு ஒன்று நீருக்குள் தொங்குகிறது. மேலே மெல்லிய பிளைவுட் பலகையாலான காற்றுத் தகடு நிமிர்ந்து நிற்கிறது. படகு குறித்த திசையில் செல்லும்போது தகட்டின் விளிம்பு காற்றை நோக்கியிருக்கும்; காற்று அதன் இருபுறமும் வழுக்கிச் செல்லும். படகு சற்றே திரும்பியதும் தகட்டின் ஒரு முகத்தில் காற்று அறைகிறது, தகடு சாய்கிறது. அந்தச் சாய்வு ஒரு மெல்லிய கம்பியின் வழியே கீழிறங்கித் துடுப்பைச் சிறிது திருகுகிறது. உடனே நீர் துடுப்பைப் பக்கவாட்டில் தள்ள, ஊசல் ஆடுகிறது. ஊசலின் தலையில் கட்டிய இரு கயிறுகள் கப்பிகளின் வழியே வந்து சுக்கான் பிடியை இழுக்கின்றன. படகு தன் வழிக்குத் திரும்புகிறது, தகடு நிமிர்கிறது.

இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. புதிதாகச் சைக்கிள் கற்பவன் என்ன செய்கிறான்? இடப்பக்கம் சாய்ந்ததும் பிடியை வேண்டிய அளவுக்கு மேல் ஒடிக்கிறான். பின்னர் அதனைச் சரிசெய்ய வலப்பக்கம் ஒடிக்கிறான். பாம்பு போல் நெளிந்து சென்று வேலியில் விழுகிறான். கருவியும் அவ்வாறு செய்யாதிருக்க, ஊசல் ஆடத் தொடங்கியவுடனே துடுப்பின் திருகலைத் தானே குறைக்கும்படி பல்சக்கரம் அல்லது நெம்புகோல் ஒன்றை அமைத்திருக்கிறார்கள். தகடு சாயும் அச்சையும் முற்றிலும் கிடையாக வைக்காமல் ஏறக்குறைய இருபது பாகை சாய்வாக வைக்கிறார்கள். அவ்வாறு வைப்பதால், பிழை சிறிதாயின் தகடு சிறிது சாயும். பெரிதாயின் மிகுதியாகச் சாயும். கை தேர்ந்த சுக்கானி செய்வதும் இதுவே அல்லவா?

வேறு வகைகளும் உண்டு. தனக்கென்று சொந்தமாக ஒரு சிறு சுக்கானையே வைத்துக்கொண்டு, படகின் பெரிய சுக்கானை அசையாமல் கட்டிவிடச் சொல்லும் கருவி ஒருவகை. பழைய பாணியில் சுக்கான் படகுக்கு வெளியே தொங்குமானால், அதன் பின்விளிம்பில் ஒட்டிய சிறு மடலைத் திருப்பிச் சுக்கானையே திருப்பச் செய்வது மற்றொரு வகை.

என் நண்பரின் படகு 31 அடி நீளமுடையது. கார்ன்வால் மாவட்டத்தில் ஃபால்மத் துறையில் நங்கூரமிட்டிருந்தது. அவர் செய்த முதற்பிழை, தம் படகின் பின்புறத்தைப் பார்ப்பதற்கு முன் கருவியின் விலையைப் பார்த்ததுதான். மலிவாகக் கிடைத்ததென்று பிறர் பயன்படுத்திய கருவி ஒன்றை வாங்கி வந்தார். அது அவருடைய படகைவிடச் சிறிய, செங்குத்தான பின்சுவருடைய படகுக்காகச் செய்யப்பட்டது. நண்பரின் படகிலோ பின்சுவர் சாய்ந்திருந்தது. வைத்துப் பார்த்தால் துடுப்பின் தண்டு நீரில் பாதியளவே இறங்கிற்று. ஊசல் இடப்பக்கம் ஆடினால் ஏணியில் இடித்தது. அதை விற்றுவிட்டு, வேறொன்று வாங்கும்வரை ஆறு வாரம் கழிந்தது.

அந்த ஆறு வாரத்தில் எந்தக் கருவி நல்லது என்று பலரைக் கேட்டோம். ஒவ்வொருவரும் தம்மிடமிருப்பதே நல்லது என்றார்கள். பிறகுதான் கேள்வியே தவறானது என்பது எங்களுக்கு விளங்கிற்று. கருவியைப் பற்றிக் கேட்பதற்கு முன் படகைப் பற்றி நாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளவேண்டும். சுக்கானைத் திருப்புவது நீண்ட பிடியா, சக்கரமா? பிடியாயின் ஊசல் கருவியே சிறந்தது. இரண்டு கயிறுகள் நேரே வந்து அதனைப் பற்றிக்கொள்ளும். சக்கரமாயினும் கூடும், ஆனால் சக்கரத்துக்கும் சுக்கானுக்கும் இடையே எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் குழாய்கள் இருந்தால் ஊசலின் விசை அங்கேயே தேய்ந்துபோகும். படகின் நடுவில் அமர்ந்து சுக்கான் பிடிக்கும் அமைப்பாக இருந்தால் கயிறுகள் நெடுந்தூரம் வளைந்து நெளிந்து வரவேண்டும். இத்தகைய படகுகளுக்குச் சொந்தச் சுக்கானுடைய கருவியே தக்கது. பெரிய சுக்கான் உடைந்தால் அது மாற்றாகவும் உதவும். பின்சுவரில் ஏணியோ சிறு தோணி தூக்கும் கைகளோ உண்டா? பின்பாய்மரம் ஒன்று இருந்து அதன் கட்டை தகட்டுக்கு மேல் வந்து இடிக்குமா? பின்சுவரின் பலகை ஒரு மனிதன் தொங்கினால் தாங்குமா? இவற்றுக்கெல்லாம் விடை எழுதி முடித்தபோது, எந்தக் கருவி வாங்குவது என்பது தானே தெரிந்துவிட்டது.

பொருத்துவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. முதல் நாள் முழுவதும் அளந்தோம். படகு நீரில் மிதக்கும்போதே, பயணத்துக்கு வேண்டிய தண்ணீரையும் உணவையும் ஏற்றிய பிறகே அளக்கவேண்டும் என்று நண்பர் பிடிவாதம் பிடித்தார். பாரம் ஏறினால் பின்புறம் தாழுமல்லவா? பாய்மரத்தின் அடியிலிருந்து பின்சுவரின் இரு மூலைகளுக்கும் நூல் பிடித்து நடுக்கோடு கண்டோம். அட்டையில் கருவியின் பாதத்தை வெட்டி ஒட்டிப் பார்த்தோம். மறுநாள் துளையிட்டு, முழு நீள போல்ட்டுகளைச் செலுத்தி, உட்புறத்தில் தடித்த தாங்கு தகடுகளை வைத்து முடுக்கினோம். அந்த உட்புறம் என்பது ஒரு பெட்டி அளவே உள்ள இருட்டறை. மெலிந்தவன் என்ற ஒரே தகுதியினால் அதற்குள் நான் அனுப்பப்பட்டேன். கருவியின் உடல் அலுமினியம். போல்ட்டு துருப்பிடிக்காத எஃகு. இவ்விரண்டும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலம் போலாகி அலுமினியம் அரித்துப்போகும். ஆகவே ஒவ்வொரு போல்ட்டுக்கும் நைலான் உறை இட்டோம்.

துடுப்பின் தண்டில் ஓரிடத்தில் வேண்டுமென்றே மெல்லிய குழாய் ஒன்றை வைத்திருக்கிறார்கள். மிதக்கும் மரக்கட்டையில் துடுப்பு மோதினால் அக்குழாய் ஒடியும்; பின்சுவர் பிய்ந்து போகாது. மின்சாரத்தில் நாம் வைக்கும் ஃப்யூஸ் கம்பியின் வேலைதான். மாற்றுக் குழாய்கள் இரண்டு வாங்கி வைத்தோம்.

ஃபால்மத் விரிகுடாவில் முதல் வெள்ளோட்டம் விட்டபோது படகு பாம்பைப் போல நெளிந்தது. நண்பர் கருவியைச் செய்தவரை மனதாரத் திட்டினார். துறையில் பல்லாண்டு உழைத்த முதியவர் ஒருவர் எங்கள் வேண்டுகோளின்படி வந்து பார்த்தார். அவர் கருவியைத் தொடவேயில்லை. முதலில் சுக்கான் பிடியைத் தம் கையில் பிடித்துப் பார்த்தார். பிறகு கயிற்றைத் தட்டிப் பார்த்தார். கயிறு தொய்ந்திருந்தது. ஊசல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஆடினாலும் கயிறு நகர்வது ஏறக்குறைய 25 சென்டிமீட்டர்தான். அதில் 5 சென்டிமீட்டர் தொய்வில் போனால் ஐந்தில் ஒரு பங்கு வேலை வீண். இழுத்தால் நீளாத கயிறு போடச் சொன்னார். கப்பிகளில் ஒன்றைக் குறைக்கச் சொன்னார். “பெரிய பாயைச் சுருக்குங்கள்” என்றும் சொன்னார். எங்களுக்கு அது பிடிக்கவில்லை. பாயைச் சுருக்கினால் வேகம் குறையும் என்று எண்ணினோம். ஆனால் பாய் மிகுதியாயிருந்ததால் படகு ஓயாமல் காற்றை நோக்கித் திரும்ப முயன்றது. சுக்கான் அதனை ஓயாமல் தடுத்துக்கொண்டிருந்தது. சுருக்கிய பிறகு சுக்கான் பிடியை இரண்டு விரலால் பிடிக்க முடிந்தது. கருவியும் நேர்கோட்டில் செலுத்தியது. வேகமோ குறையவே இல்லை. கையால் செலுத்தும்போது சமநிலையில்லாத படகைக் கருவி வந்து திருத்தாது என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு விடியற்காலை ஃபால்மத்திலிருந்து புறப்பட்டோம். ஸ்பெயின் நாட்டு லா கொருஞா துறைமுகம் எங்கள் இலக்கு. தூரம் ஏறத்தாழ 430 கடல் மைல். பிரான்சின் மேற்குக் கோடியில் உஷாண்ட் என்ற தீவு இருக்கிறது. பாறைகளும் கடும் நீரோட்டமும் சூழ்ந்த அத்தீவுக்கு வடமேற்கே பெருங்கப்பல்கள் அணிவகுத்துச் செல்லும் பாதைகள் உள்ளன. அதற்கு 40 கடல் மைல் மேற்கே விலகிச் செல்வது எங்கள் திட்டம். தென்தென்மேற்காக, இருநூறு பாகைத் திசையில் செல்லவேண்டும். காற்று மேற்கிலிருந்து நன்றாக வீசிற்று. கருவியைப் பூட்டினோம். மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் படகு தானே சென்றது. பகல் முழுவதும் நாங்கள் சுக்கானைத் தொடவில்லை. நண்பர் ரொட்டி சுட்டார். நான் வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். சிறகு ஆடுவதைப் போலத் தகடு இருபுறமும் மெல்ல ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

நள்ளிரவுக்குப் பின் ஒரு மணி முதல் மூன்று மணிவரை என் காவல். நண்பர் கீழே உறங்கினார். வானம் மூடியிருந்தது, விண்மீன் ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து சுற்றிலும் பார்த்தேன். கப்பல் விளக்கு எதுவுமில்லை. பாய்கள் நன்கு நிறைந்திருந்தன. படகின் சாய்வு மாறவில்லை. அலையின் ஓசையும் மாறவில்லை. எல்லாம் ஒழுங்காகவே இருப்பதாக எண்ணினேன். நான் பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று, அது திசைகாட்டி. முழங்காலுக்கு அருகே, இரண்டடி தூரத்தில், சிறு சிவப்பு விளக்கின் ஒளியில் அது இருந்தது.

மூன்று மணிக்கு மேலே வந்த நண்பர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முன்புறம் இடப்பக்கமாகக் கைநீட்டினார். அடிவானத்தில், மேகத்தின் அடிவயிற்றில், வெண்ணிற ஒளி இரண்டு முறை துடித்து மறைந்தது. பத்து விநாடி கழித்து மீண்டும் இரண்டு முறை துடித்தது. அது உஷாண்ட் தீவின் க்ரேயாக் கலங்கரை விளக்கம். எங்கள் வழியில் முன்புறத்தில் தெரியவே கூடாத விளக்கு. அதற்கு இப்பால் பெரிய கப்பல்களின் விளக்குகள் மூன்று வரிசையாகத் தெரிந்தன. திசைகாட்டியைப் பார்த்தேன். 155 பாகை.

நடந்தது இதுதான். வானிலை மாற்றம் ஒன்று நெருங்கவே, மேற்கிலிருந்து வீசிய காற்று இரண்டு மணி நேரத்தில் சிறுகச் சிறுகத் தென்மேற்குக்குத் திரும்பிவிட்டது. கருவிக்கு வடக்கும் தெற்கும் தெரியா. காற்று ஒன்றே தெரியும். காற்றை இன்ன கோணத்தில் வைத்துக்கொள் என்று நாங்கள் சொல்லியிருந்தோம். அது ஒரு பாகைகூடப் பிசகாமல் அப்படியே வைத்துக்கொண்டு, படகைக் காற்றோடு சேர்த்துத் திருப்பிப் பாறைகளை நோக்கிக் கொண்டுபோயிற்று. மனிதன் சுக்கானைப் பிடித்திருந்தால் காற்று மாறும்போது பாய் அடித்துக்கொள்ளும், உறங்குபவனும் விழித்துக்கொள்வான். கருவி பிடித்திருந்தால் பாய் அடிக்காது, சாய்வு மாறாது, ஓசையும் மாறாது. அது தன் வேலையைச் செவ்வனே செய்வதனால்தான் நமக்கு எச்சரிக்கை கிடைப்பதில்லை. கீழே சுவரில் தொங்கிய காற்றழுத்தமானி இரவு முழுவதும் இறங்கிக்கொண்டே இருந்தது. அதையும் நான் பார்க்கவில்லை. உஷாண்டுக்கு இன்னும் 25 கடல் மைலுக்கு மேல் இருந்தபடியால் பிழைத்தோம். கருவியை அவிழ்த்து, படகைக் காற்றுக்கு மறுபுறம் திருப்பி, விடியும்வரை மேற்கு நோக்கிச் சென்று இழந்த தூரத்தை மீட்டோம். நண்பர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை; அதுதான் எனக்குத் தாங்க முடியாததாயிருந்தது.

இன்று செயற்கைக்கோள்களின் துணையால் படகு எங்கிருக்கிறது என்பதை நொடிக்கு நொடி அறியலாம். வழி தவறினால் மணியடிக்கும் கருவிகளும் உண்டு. ஆயினும் காற்றுச் சுக்கானி தனியாகச் செல்வோரின் படகுகளில் இன்றும் இருக்கிறது. மின்கலம் தீர்ந்தாலும் அது வேலை செய்யுமன்றோ? முறிவதும் உண்டு. சிச்செஸ்டர் 1966-இல் உலகைச் சுற்றப் புறப்பட்டபோது, ஸிட்னியை அடைய இரண்டாயிரம் மைலுக்கு மேல் இருக்கையில் அவருடைய கருவியின் எஃகுச் சட்டம் உடைந்தது. அருகிலுள்ள துறைமுகத்தில் ஒதுங்கிவிடலாம் என்று முதலில் எண்ணிய அவர், சிறு பாய் ஒன்றைச் சுக்கானோடு கயிற்றால் இணைத்துப் படகைத் தானே செல்லச் செய்து ஸிட்னியை அடைந்தார். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனுடைய ‘ஸுஹைலி’ நம் பம்பாயில் தேக்கினால் கட்டப்பட்டது. 1968-இல் புறப்பட்டு 312 நாட்களில் எங்கும் தங்காமல் உலகைத் தனியாகச் சுற்றிய அப்படகிலும், ஆஸ்திரேலியாவுக்கு அருகில் கருவி பழுதாகிப் பயனற்றுப் போயிற்று. பாய்களை ஒன்றுக்கொன்று சரிக்கட்டி, ஸ்லோக்கத்தைப் போலவே மீதி வழியைக் கடந்தார். பழைய முறைகளை மட்டும் கொண்டு நடத்தப்பெற்ற 2022-ஆம் ஆண்டுப் போட்டியில், நம் நாட்டுக் கடற்படையில் பணியாற்றிய அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்தார். வழியில் கருவி பழுதானபோது அவர் படகின் கழிப்பறைக் கதவை அறுத்து அதனைச் செப்பனிட்டார். பாயும் சுக்கானும் தம்முள் இணங்கியிருக்கும் படகில்தான் இத்தகைய ஒட்டு வேலைகள் பலிக்கும்.

மற்றொரு ஆபத்தையும் சொல்லிவிடவேண்டும். கருவி செலுத்தும் படகிலிருந்து ஒருவர் தவறி நீரில் விழுந்தால், அது நிற்காது. அதே நேர்கோட்டில், அதே வேகத்தில் சென்றுகொண்டேயிருக்கும். ஆகவே இடுப்புக் கச்சையைப் படகோடு கயிற்றால் பிணைத்துக்கொள்ளாமல் இரவில் மேல்தளத்துக்கு வருவதில்லை என்று உஷாண்டுக்குப் பின் ஒரு விதி செய்துகொண்டோம். காவலுக்கும் கணக்குப் போட்டோம். தாழ்ந்த படகிலிருந்து பெரிய கப்பலின் விளக்கு ஏழு கடல் மைல் தொலைவில் தெரியலாம். அது மணிக்கு 16 கடல் மைல் வேகத்தில் எதிரே வர, நாம் ஐந்தில் சென்றால் இடைவெளி மறைய இருபது நிமிடம். எனவே அதில் பாதியான பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிலும் பார்ப்பது. ஒவ்வொரு முறையும் திசைகாட்டியின் எண்ணை நோட்டில் எழுதுவது. எழுதச் சொன்னால்தான் கண் அங்கே போகும்.

ஐந்தாம் நாள் மாலையில், ரோமானியர் காலம் முதல் நிற்கும் ஹெர்குலிஸ் கோபுரத்தின் விளக்கைக் கண்டு லா கொருஞாவில் நுழைந்தோம். துறைக்குள் காற்று வீழ்ந்தது. தகடு எப்பக்கம் சாய்வதென்று தெரியாமல் தள்ளாடிற்று. துடுப்பை நீரிலிருந்து தூக்கிக் கட்டிவிட்டு நண்பர் சுக்கானைக் கையில் எடுத்தார். மறுநாள் கடைத்தெருவில் பழைய திசைகாட்டி ஒன்றை விலைக்கு வாங்கினோம். கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்படி செய்யப்பட்ட வகை அது. படுக்கைக்கு நேர் மேலே, கண் விழித்ததும் முதலில் தென்படுமாறு, நான்கு திருகாணிகளால் அதனைப் பொருத்தினேன். திரும்பும் வழியில் பாதி இரவுகள் என் காவல். அந்த எண்ணைக் கனவிலும் கண்டேன்.